ஈ ஓட்டுகிறவன்

என்ன வேலை என்று கேட்டால்
ஈ ஓட்டுகிறேன் என்பேன்.
சிரிப்பார்கள்.
நிஜமாகவே அதுதான் வேலை.
ஒன்றியத்துப் புகை மெஷின், பதினோரு கிலோ,
இடத்தோளில் வார் தேய்த்த தழும்பு,
டீசல் வாடை போகாத காக்கிச் சட்டை.
கல்யாணப் பந்தியில் என் இலைப் பக்கம்
ஒரு கொசுவும் வராது.

மாசி முதல் வாரம் குப்பனூரிலிருந்து புகார்.
தோப்போரம் புதிதாய் முளைத்த நகரின்
மாடிவீட்டு தனசேகர் எழுதியிருந்தார்:
‘சோற்றில் ஈ, தொட்டிலில் ஈ.
காரணம், மேற்படி தோப்பில் தொங்கும் மீன்.’

மீனா?
போய்ப் பார்த்தேன்.
சேர்வராயன் மலை சரிந்து இறங்கிக்
கால் நீட்டும் இடத்தில் நாற்பது மாமரம்.
எல்லாம் குண்டு, நடுவே நாலைந்து மல்கோவா.
இலை தெரியாமல் பூ.
கிளைக்குக் கிளை வலைப்பை,
பைக்குள் சூரமங்கலம் மார்க்கெட்டில்
அள்ளி வந்த தலையும் குடலும்.
இந்தப் பக்கம் தேன் வாசம்,
காற்று திரும்பினால் பிணவாடை.
மூக்கை எந்தப் பக்கம் வைப்பதென்று தெரியவில்லை.

குத்தகைக்காரி பாவாயி ஏணியை விட்டு இறங்கவில்லை.
“போன வருசம் பூ பூத்துச்சு, ஈ வரல.
அத்தனையும் கருகிக் கொட்டிருச்சு.
ஏவாரமில்லாம ஈ ஓட்டுனேன்னு சொல்லிக்கக்கூட
ஒரு ஈ இல்ல.
இந்த வருசம் விருந்து வெச்சுக் கூப்பிட்டிருக்கேன்,
நீ பொகையத் தூக்கிட்டு வந்து நிக்கிற.”
அவ்வளவுதான் பேச்சு.
அடுத்த கிளைக்கு ஏணியை மாற்றிவிட்டாள்.

மெஷினைத் தரையில் வைத்தேன்.
சும்மா நிற்பானேன் என்று
ஒரு பூங்கொத்துக்குப் பக்கத்தில் செல்போனை நீட்டிப்
பெரிதாக்கினேன்.
பச்சை ஈ.
செத்ததன் மேல் உட்காருமே, அதேதான்.
மயில் கழுத்தில் வெயில் பட்ட முதுகு.
மீனை விட்டு எழுந்தது, பூவில் இறங்கியது,
கடன் கேட்க வந்தவன் மாதிரி
முன்கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டு நின்றது.
நெஞ்சு மயிரெல்லாம் மகரந்தம்,
மாவு மில்லில் வேலை பார்ப்பவன் போல.

கொத்துக்கு ஆயிரம் பூ,
காய் நிற்பது ஒன்றோ இரண்டோ.
எந்தப் பூ என்று அதற்கும் தெரியாது.
வீடு வீடாய்த் தண்ணீர்த் தொட்டி பார்க்கும்
எங்கள் டெங்குப் பெண்களைப் போல
ஒரு வாசல் விடாமல் ஏறி இறங்குகிறது.

பத்தொன்பது வருடம்.
கொசுவுக்கென்று அடித்த புகை
கொசுவா என்று விசாரித்துவிட்டா உள்ளே போயிருக்கும்?
கலைந்த பிறகு தரையில் கிடந்ததை
ஒரு நாளும் நான் குனிந்து பார்த்ததில்லை.
பார்க்கச் சொல்லி எந்தச் சுற்றறிக்கையும் வந்ததில்லை.

ஆறாம் வகுப்பில் ஓரெழுத்துச் சொல் எழுதச் சொன்னார்கள்.
ஈ: பறக்கும் பூச்சி என்று எழுதினேன்.
‘கொடு என்றும் பொருள் உண்டு.’
சிவப்பு மையில் எழுதி அரை மார்க் குறைத்தார்கள்.
அந்த அரை மார்க்
குப்பனூரில் கிடைத்தது.

தனசேகர் தெருச் சாக்கடையை அள்ள வைத்தேன்.
குப்பை வாளிக்கு மூடி, தொட்டிலுக்கு வலை.
அவருக்குத் திருப்தி இல்லை. புகைதான் கேட்டார்.
பதிவேட்டில் எழுதினேன்:
‘புகார் இடம் பார்வையிடப்பட்டது.
புகை அடிக்கப்பட்டது.’
முதல் வரி உண்மை.

வைகாசியில் சின்னக்கடை வீதி.
குண்டு மாம்பழம், கிலோ நூற்றிருபது.
எங்கிருந்து என்றேன். குப்பனூர் என்றான்.
பேரம் பேசவில்லை.
எடை போட்டபடியே கடைக்காரன்
துண்டை வீசி வீசி ஈயை விரட்டினான்.
“விடுப்பா,” என்றேன்,
“கூலி வாங்க வந்திருக்கும்.”